மாணவர் பத்திரிகையை எதற்காகப் பாதுகாக்க வேண்டும்? ஒரு அமெரிக்க சமுதாயக் கல்லூரி சொல்லும் பாடம்

கல்லூரியில் படித்தபோது ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதியிருப்பீர்கள். கடைசி வருஷம் ராத்திரி பகலா உட்கார்ந்து ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் தயாரித்து, பைண்டிங் போட்டு, துறைத் தலைவர் மேஜையில் வைத்திருப்பீர்கள். அதெல்லாம் இப்போ எங்கே இருக்கு?

நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. துறை அலமாரியில் சில வருடங்கள் தூசி படிந்து கிடந்து, பிறகு இடம் போதாமல் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

அமெரிக்காவில் சில சமுதாயக் கல்லூரிகள் இதே மாதிரியான காகிதங்களை ஸ்கேன் செய்து, உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கின்றன. ஏன் இந்த வேலை? இதில் என்ன சிக்கல்? நமக்கு இதில் என்ன இருக்கிறது?

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

அமெரிக்காவில் 'கம்யூனிட்டி காலேஜ்' என்பது இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி. கட்டணம் குறைவு. வேலைக்குப் போகிறவர்கள், குழந்தை வளர்க்கிறவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள் எனப் பலரும் இங்கே படிக்கிறார்கள். இரண்டு வருடம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரிதான் இன்றுவரை இயங்குபவற்றில் மிகப் பழமையான அரசு சமுதாயக் கல்லூரி. இப்போது நாடு முழுக்க இப்படிச் சுமார் ஆயிரம் கல்லூரிகள் உள்ளன.

டூபேஜ் கல்லூரியில் என்ன இருக்கிறது?

ஜோலியட் இருக்கும் அதே மாநிலத்தில், சிகாகோவுக்கு அருகே கிளென் எலின் நகரில் இருக்கிறது டூபேஜ் கல்லூரி. 1967-ல் திறந்தபோது அதற்குச் சொந்த வளாகமே கிடையாது. வாடகைக்குப் பிடித்த இடங்களில் ஆங்காங்கே வகுப்பு நடக்கும். மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குக் காரில் ஓட வேண்டும். அதனால் 'ரோட்ரன்னர்' பறவையின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பறவையின் இன்னொரு பெயரான 'சாப்பரல்' இன்றும் அந்தக் கல்லூரி அணிகளின் பெயராக நிற்கிறது.

இந்தக் கல்லூரி நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் 'கூரியர்' என்ற மாணவர் பத்திரிகையின் பழைய இதழ்கள் இருக்கின்றன. கூடவே 'எஸ்ஸே' என்ற தொகுப்பும் இருக்கிறது. வெவ்வேறு பாடங்களில் மாணவர்கள் எழுதிய நல்ல கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து வெளியிடும் தொகுப்பு அது.

மாணவர் பத்திரிகையில் அப்படி என்ன இருக்கு?

கல்லூரி நிர்வாகத்தின் ஆவணங்களில் கட்டட ஒப்பந்தம் இருக்கும், கூட்டத் தீர்மானம் இருக்கும். கட்டணம் உயர்ந்தபோது மாணவர்கள் என்ன பேசினார்கள், பஸ் வசதி இல்லாமல் யார் படிப்பை விட்டார்கள் என்பதெல்லாம் அதில் வராது. அதை எழுதி வைப்பது மாணவர் பத்திரிகைதான்.

டூபேஜ் தொடங்கிய 1967, வியட்நாம் போர் நடந்த காலம். முழுநேரமாகக் கல்லூரியில் படித்த இளைஞர்கள் கட்டாய ராணுவ சேவையைத் தள்ளிப்போட முடிந்த காலமும்கூட. அந்தச் சமயத்தில் ஒரு சாதாரண கல்லூரியில் படித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று தேடும் வரலாற்று ஆய்வாளருக்கு இத்தகைய பத்திரிகைகள் நேரடிச் சான்று.

சமுதாயக் கல்லூரிக்கு இன்னொரு தனிப் பிரச்னையும் உண்டு. மாணவர்கள் இரண்டே வருடத்தில் போய்விடுவார்கள். விடுதி வாழ்க்கை பெரும்பாலும் இல்லை. பழைய மாணவர் சங்கமும் பெரிய பல்கலைக்கழகங்களில் இருப்பதுபோல வலுவாக இருக்காது. 'அந்தக் காலத்துல இங்க இப்படி இருந்துச்சு' என்று சொல்ல ஆளே இருக்க மாட்டார்கள். பத்திரிகையும் தொலைந்துவிட்டால் அந்த மாணவர்களின் குரல் மொத்தமாகவே போய்விடும்.

இளங்கலை ஆய்வை ஏன் சேமிக்கிறார்கள்?

ஆய்வு என்றாலே பிஎச்டிதான் என்ற எண்ணம் அங்கேயும் இருந்தது. இளங்கலை மாணவர்களின் ஆய்வை ஊக்குவிக்க 1978-ல் ஒரு தேசிய கவுன்சில் உருவானது. இரண்டு ஆண்டுக் கல்லூரிகள் இதில் பெரிய அளவில் இணைந்தது பிற்பாடுதான். நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் சமுதாயக் கல்லூரியை மையமாக வைத்து, தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு இதற்கென்றே ஒரு திட்டம் உருவாக்கப்பட்டது.

இந்த ஆய்வுகள் உள்ளூர் விஷயங்களைத் தொடுபவை. பக்கத்து ஓடையின் நீர்த் தரத்தை 20 வருடத்துக்கு முன்பு மாணவர்கள் அளந்து வைத்திருந்தால், இன்று அளப்பவருக்கு ஒப்பிட ஒரு எண் கிடைக்கும். மாணவருக்கும் லாபம் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது 'இது நான் எழுதியது' என்று ஒரு இணைப்பைக் காட்டலாம்.

எப்படிப் பாதுகாக்கிறார்கள்?

நியூஸ் பிரின்ட் தாள் சீக்கிரம் மஞ்சளாகி நொறுங்கும். மரக்கூழில் இருக்கும் லிக்னின்தான் காரணம். அதனால் முதலில் நல்ல தரத்தில் ஸ்கேன் எடுக்கிறார்கள். பிறகு படத்தில் இருக்கும் எழுத்துகளைக் கணினி படிக்கும் ஓசிஆர் வேலை நடக்கிறது. கடைசியாக, தேதி, இதழ் எண், தலைப்பு போன்ற விவரங்களைச் சேர்க்கிறார்கள். இந்த விவரம் இல்லாவிட்டால் கோப்பு இருந்தும் பயனில்லை, யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்கேன் செய்தாச்சு, வேலை முடிந்தது என்று இருக்கவும் முடியாது. டூபேஜ் பயன்படுத்தும் 'டிஜிட்டல் காமன்ஸ்' தளத்தை நடத்தும் பீபிரஸ் நிறுவனத்தை, பெரிய பதிப்பு நிறுவனமான எல்செவியர் 2017-ல் வாங்கியது. தளம் கைமாறலாம், கட்டணம் ஏறலாம். எனவே வேறு இடங்களிலும் பிரதிகள் வைத்திருப்பதே பாதுகாப்பு என்கிறார்கள் நூலகர்கள்.

அச்சாகாத இதழை யார் சேமிப்பது?

பாதுகாப்பதற்கு முதலில் பத்திரிகை வெளிவர வேண்டுமே! அதே இல்லினாயில், கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை நிர்வாகத்தை விமர்சித்து எழுதியது. 2000-ல் ஒரு டீன் அச்சகத்தைத் தொடர்புகொண்டு, அதிகாரிகள் பார்க்காமல் அச்சிட வேண்டாம் என்று சொன்னார். பத்திரிகை நின்றது. மாணவர்கள் வழக்கு போட்டார்கள். 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டீனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அதன் பிறகு மாநில சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2008-ல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, அரசுக் கல்லூரிகளில் மாணவர் பத்திரிகையை அச்சுக்கு முன் அதிகாரிகள் தணிக்கை செய்ய முடியாது. சமுதாயக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும்.

'என் பெயரை எடுத்துடுங்க'

எல்லாம் ஆன்லைனுக்கு வந்த பிறகு முளைத்த பிரச்னை இது. 19 வயதில் ஏதோ வேகத்தில் எழுதியது, 45 வயதில் வேலை தேடும்போது கூகுளில் முதலில் வந்து நிற்கிறது. கார்னெல் பல்கலைக்கழகம் நடத்திய இதழில் 1983-ல் தன்னைப் பற்றி வந்த குற்றச் செய்தி இணையத்தில் ஏறியதை எதிர்த்து ஒரு முன்னாள் மாணவர் வழக்கு தொடர்ந்தார். வழக்கு தள்ளுபடியானது.

சட்டம் ஒருபக்கம் இருந்தாலும், இப்படி வரும் கோரிக்கைக்கு மனிதத்தன்மையோடு பதில் சொல்ல வேண்டியது நூலகர்தான். அச்சில் வந்ததை அழிப்பது வரலாற்றைத் திருத்துவதாகும். அதனால் இதழை அப்படியே வைத்துவிட்டு, தேடுபொறியில் அந்தப் பக்கம் வராமல் செய்வது, கீழே ஒரு விளக்கக் குறிப்பு சேர்ப்பது போன்ற நடுவழிகள் பின்பற்றப்படுகின்றன. வகுப்பில் சமர்ப்பித்த கட்டுரை என்றால் கதை வேறு. 1974-ல் வந்த கல்விப் பதிவுகள் சட்டமும் காப்புரிமையும் இருப்பதால், மாணவரின் சம்மதம் வாங்காமல் வெளியிட முடியாது.

இந்தியாவில் நிலைமை என்ன?

நம்மிடம் 'ஷோத்கங்கா' இருக்கிறது. பிஎச்டி ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று யுஜிசி 2009-ல் விதி கொண்டுவந்தது. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் இந்தக் களஞ்சியத்தில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் உள்ளன. ஆனால் இளங்கலை மாணவர்களின் வேலைக்கு அதில் இடமில்லை.

இனி இந்த இடைவெளி பெரிதாகும். 2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட நான்கு ஆண்டு இளங்கலைத் திட்டத்தில், முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வைத் தேர்வு செய்யலாம். அந்த ஆய்வேட்டுக்கு மட்டும் 12 கிரெடிட். அதாவது ஆயிரக்கணக்கான ஆய்வேடுகள் புதிதாக உருவாகும். அவை எங்கே போகும்?

இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. பல கல்லூரி நூலகங்களில் ஏற்கனவே இருக்கும் 'டிஸ்பேஸ்' போன்ற இலவச மென்பொருள், ஒரு ஸ்கேனர், மாணவர் கையெழுத்திட்ட ஒரு சம்மதப் படிவம், இதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒரு நூலகர் இருந்தால் தொடங்கிவிடலாம். அதுவரை, உங்கள் கல்லூரி ஆண்டு மலர் வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். கல்லூரி நூலகத்தில் இல்லாத ஒரே பிரதி அதுவாகவும் இருக்கலாம்.