உப்புக்காத்துல ஒரு பங்களா: தரங்கம்பாடி சொல்லித் தரும் சிவில் பாடம்

நம்ம ஊரில் காலையில் கிளம்பும் ஜன் சதாப்தி ரயிலுக்குக் கடைசி ஸ்டேஷன் மயிலாடுதுறை. அங்கிருந்து சுமார் 30 கி.மீ. பஸ்ஸில் போனால் தரங்கம்பாடி. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கொஞ்ச காலத்தில் வியாபாரம் நாகப்பட்டினம் பக்கம் நகர, பெரிய பெரிய வீடுகள் கவனிப்பாரின்றி நின்றுவிட்டன.

அதில் ஒன்றுதான் கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு மாடி பங்களா. ஆங்கிலேயக் கலெக்டர் குடியிருந்த வீடு. இன்று அது ‘பங்களா ஆன் தி பீச்’ என்ற சின்ன ஹோட்டல். ராஜஸ்தானில் இடிந்து கிடந்த நீம்ரானா கோட்டையைச் சரிசெய்து 1991-இல் விடுதியாக்கிய நீம்ரானா குழுமம் இதை நடத்துகிறது. அறைகள் பத்துக்கும் குறைவு. முன்பு இந்தத் துறைமுகத்துக்கு வந்த டேனிஷ் கப்பல்களின் பெயர்கள்தான் அறைகளுக்கு. பழைய மர நாற்காலி, கட்டில், சுவரில் பழங்காலச் சித்திரங்கள் என்று உள்ளே பார்க்க அழகாக இருக்கும்.

சரி, பெயின்ட் அடித்து, படம் மாட்டினால் பங்களா ஹோட்டல் ஆகிவிடுமா? அதுதான் இல்லைங்க. இது முழுக்க முழுக்க நம்ம சப்ஜெக்ட்.

எதிரி அலை மட்டும் இல்லை

கடல் ஒரு கட்டடத்தை இரண்டு விதமாகத் தாக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியும். அதே கரையில் உள்ள மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் கட்டியது. அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமியும் இந்த ஊரை விட்டுவைக்கவில்லை.

இரண்டாவது தாக்குதல் சத்தமில்லாதது: உப்பு. தரையின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும்போது கரைந்த உப்பையும் தூக்கிக்கொண்டு வரும். காற்றும் தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவந்து ஒட்டும். ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி வளரும். அந்த அழுத்தத்தில் செங்கல் மாவு மாவாக உதிரும்.

இந்த இடத்தில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். சுவர் உதிருதா, நல்லா கனமா சிமென்ட் பூசிடு! ஆனால் பழைய செங்கல் மென்மையானது. சிமென்ட் பூச்சு அதைவிடக் கடினம், ஈரத்தையும் லேசில் வெளியே விடாது. உள்ளே மாட்டிய ஈரம் பூச்சுக்குப் பின்னால் உப்பைச் சேர்க்கும். வெளியே சுவர் பளிச்சென்று இருக்கும், உள்ளே செங்கல் கரையும். கடைசியில் பூச்சு பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

அதனால்தான் பாரம்பரியக் கட்டடங்களில் சுண்ணாம்புக்கே திரும்பிப் போகிறார்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் விட்டு நீற்றிப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெதுவாகத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகும். சுவர் மூச்சு விடலாம். உப்பு வந்தாலும் அடி வாங்குவது பூச்சுதான், செங்கல் பிழைக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பூச்சை மாற்றினால் போதும். நம்ம லேப் பாஷையில் சொன்னால், பூச்சு இங்கே ஃபியூஸ் மாதிரி.

வீடு ஹோட்டலாகும்போது

அடுத்த தலைவலி பாத்ரூம். அறைக்கு ஒன்று வேண்டும். அந்தக் காலத்து வீட்டில் அது கிடையாது. பழைய மாடிகளில் பல ‘மெட்ராஸ் டெரஸ்’ வகை. மர உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கலவை போட்டது. அதன் மேல் டைல்ஸ், தண்ணீர்க்குழாய் எல்லாம் ஏற்றினால் பாரம் கூடும். ஒரு சின்னக் கசிவு போதும், உத்தரத்தின் முனை உளுத்துப்போகும். அதனால் எதை எங்கே வைப்பது என்பதை அழகு பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது, லோடு கணக்கும் பார்க்க வேண்டும்.

ஓவியங்களும் இதே கணக்கில்தான். ஈரம் ஏறும் வெளிச்சுவரில் ஃபிரேமை ஒட்டி மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். காற்று போக இடைவெளி வேண்டும், முடிந்தால் உட்சுவர் நல்லது. ஏசியை ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தினால் ஈரப்பதம் ஏறி இறங்கி, காகிதம் நெளியும். அந்த அகலமான வராந்தா சும்மா ஸ்டைலுக்கு இல்லை. வெயிலையும் சாரலையும் சுவரில் படாமல் தடுப்பது அதுதான்.

எதுக்கு இவ்வளவு பாடு?

பூட்டி வைத்த வீட்டில் ஓடு நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. ஆள் தங்கும் வீட்டில் அன்றைக்கே தெரியும். சுண்ணாம்புப் பூச்சுக்கு அடிக்கடி பராமரிப்பு வேண்டும், அந்தச் செலவை அறை வாடகை கொடுக்கிறது. ஒரு குறையும் உண்டு: அன்று கலெக்டருக்கு மட்டும் இருந்த வராந்தா, இன்று வாடகை கொடுக்க முடிந்தவருக்கு மட்டும். எல்லாக் கட்டடத்துக்கும் ஹோட்டல்தான் வழி என்று இல்லை. அதே ஊரில் டேனிஷ் கவர்னர் பங்களாவை டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் பங்களிப்போடு பொதுப் பயன்பாட்டுக்காகப் புதுப்பித்தார்கள்.

நமக்குக் கடல் இல்லைதான். ஆனால் மண்ணிலிருந்து ஏறும் ஈரமும் உப்பும் நம்ம ஊரிலும் உண்டு. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லை நம்பி சிமென்ட் ஆலையே வந்த ஊர் இது. ஆனா சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டியிருக்கு. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது அப்பாரு கட்டின ஓட்டு வீட்டுச் சுவரைத் தட்டிப் பாருங்க. பூச்சுக்குப் பின்னால் ‘டொக்கு டொக்கு’னு காலியாகச் சத்தம் வந்தால், மேலே இன்னொரு கோட் சிமென்ட் போடச் சொல்லாதீங்க. முதலில் ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க.