பார்த்தும் பார்க்காத கண்கள்

செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்தபடி பைக் ஓட்டுபவரைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது. அதே ஆள் புளூடூத் மாட்டி, இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பேசிக்கொண்டு போனால் யாரும் கண்டுகொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தமும், கையில் வைத்துப் பேசும் கருவியைத்தான் ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. ஆனால், ஆபத்து கையில் இல்லை.

இதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர்கள் கனடாவின் டொராண்டோ நகரில் இருந்த ரெடெல்மயர், டிப்ஷிரானி என்ற இருவர். விபத்தில் சிக்கிய, செல்போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்கை எடுத்து, விபத்து நடந்த நேரத்தோடு ஒப்பிட்டார்கள். போன் பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு நான்கு மடங்காகியிருந்தது. ஹேண்ட்ஸ்ஃப்ரீ வைத்திருந்தவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. 1997-ல் இந்த முடிவு வெளியானது.

ஏன் அப்படி? விடை தேடியவர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் ஸ்ட்ரேயர். 2001-ல் அவரும் வில்லியம் ஜான்ஸ்டனும் செய்த சோதனையில், செல்போனில் பேசியவர்கள் சிவப்பு சிக்னலைத் தவறவிடுவது இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. பார்த்தவர்களும் தாமதமாகவே பிரேக்கை அழுத்தினார்கள். கையில் பிடித்தவர், பிடிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லை. ரேடியோ கேட்டவர்களிடம் இந்தக் குறை தென்படவில்லை. ரேடியோவுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

அடுத்து அவர் குழு கண்டதுதான் என்னை மிகவும் உலுக்கியது. ஓட்டுநரின் கண் எங்கே நிலைகொள்கிறது என்பதைக் கருவி வைத்துப் பதிவுசெய்தார்கள். சாலையோர விளம்பரப் பலகைமீது கண் பதிந்தது உறுதி. பிறகு கேட்டால், போன் பேசியவர்களுக்கு அது நினைவில் இல்லை. ஒளி விழித்திரைவரை போயிருக்கிறது. அதை வாங்கிப் பொருள்கொள்ளும் கவனமோ மறுமுனையில் பேசுபவரிடம் இருந்திருக்கிறது. குறுக்கே ஓடும் குழந்தையைப் பற்றி, ‘நான் பார்க்கவே இல்லையே’ என்று ஓட்டுநர் கதறுவது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதும் பேச்சுதானே என்று கேட்கலாம். 2008-ல் அதையும் சோதித்தார்கள். நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டும். நண்பரோடு போனவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். போன் பேசியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். உடன் இருப்பவருக்குச் சாலை தெரிகிறது. லாரி குறுக்கிட்டால் பேச்சை நிறுத்துகிறார், திருப்பம் வந்தால் சொல்கிறார். போனில் இருப்பவருக்கு உங்கள் மௌனம் மட்டுமே கேட்கும், “ஹலோ, ஹலோ, இருக்கியா?” என்பார்.

சிக்னலில் நிற்கும்போது போனை எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: போனை வைத்த உடனே கவனம் சாலைக்குத் திரும்பிவிடுவதில்லை. காரிலும் போனிலும் உள்ள குரல்கட்டளை வசதிகளை 2015-ல் ஸ்ட்ரேயர் குழு ஆராய்ந்தது. வேலை முடிந்த பின்பும் கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடிகள்வரை ஆனது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 300 மீட்டர் போய்விடும்.

மன உறுதியை நம்ப வேண்டாம். வண்டியைக் கிளப்பும் முன்பே போனை சைலன்ட்டில் போட்டு, டிக்கியிலோ பின்சீட்டுப் பையிலோ வைத்துவிடலாம். வழிகாட்டும் மேப் தேவையென்றால், போக வேண்டிய இடத்தைக் கிளம்பும் முன் பதிந்துவிட வேண்டும். வேலைநேரத்தில் டிரைவரையும் டெலிவரி ஊழியரையும் ஓயாமல் அழைக்கும் முதலாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. அழைப்பவர் நாமாக இருந்தால் முதல் கேள்வி, “வண்டியில போறீங்களா?” ஆமாம் என்றால், “சரி, போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுங்க” என்று நாமே வைத்துவிடலாம்.