கண்டியில் நம் பெண்களுக்குத் திறந்த கதவு

கண்டி மாநகர் புகழ்பெற்ற பாடசாலைகளின் ஊர். 1872இல் ஆங்கிலிக்கன் மிஷனரிமார் திரித்துவக் கல்லூரியை ஆரம்பித்தனர். 1879இல் மெதடிஸ்த சபையினர் பெண்கள் உயர் பாடசாலையையும், 1887இல் பௌத்தர்கள் தர்மராஜ கல்லூரியையும் தொடங்கினர்.

நம்மவர்களோ தயங்கி நின்றார்கள். மிஷனரிப் பாடசாலைக்குப் போனால் பிள்ளையின் மார்க்கம் என்னாகுமோ என்ற அச்சம். பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதத் தெரிந்தால் போதும் என்ற எண்ணம் வேறு.

இந்நிலையை மாற்றத் துணிந்தவர் கண்டியில் பிறந்த சட்டத்தரணி, அறிஞர் சித்திலெப்பை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிக் கல்வியின் அவசியத்தை எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் திறந்தார். அங்கே கற்பிக்க முன்வந்தவர் அவருடைய சொந்தச் சகோதரி! ஊருக்கு மட்டும் உபதேசம் செய்யாமல் தம் வீட்டிலிருந்தே ஆரம்பித்தார் அந்தப் பெரியவர்.

1945 முதல் நாட்டில் இலவசக் கல்வி. இன்று கண்டியில் முன்னாள் கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூதின் பெயரில் மகளிர் கல்லூரியே இருக்கிறது. கதவு அகலத் திறந்திருக்கிறது.

தாய்மாரே! சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் “பெண்ணுக்கு இது போதும்” என்று மகளின் புத்தகத்தை மூடி வைக்குமுன், அன்று துணிந்து வகுப்பறைக்குள் நுழைந்த அந்தச் சகோதரியைச் சற்று நினைத்துப் பாருங்கள்.