பூமிக்குள் ஒளிந்த எண்ணெய்

திருநின்றவூருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் நடுவே ரயில் நிற்கும் ஊர் வேப்பம்பட்டு. வயலும் தோப்புமாக இருந்த பூமியில் இன்று வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு. அங்கே மனை வாங்க உத்தேசித்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்தார். மனைக்கு அடுத்த காலி நிலத்தில் முன்னாளில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்து மூடப்பட்டதாம். "மேலே இருந்ததையெல்லாம் கழற்றிக் கொண்டு போய்விட்டார்கள், ஸார்! இனி என்ன பயம்?" என்றாராம் தரகர். நண்பருக்கு மனம் சமாதானமாகவில்லை. கேட்ட நமக்கும் ஆகவில்லை.

பங்கில் நம் கண்ணில் படுவது கூரையும் குழாயுமே. சரக்கு இருப்பதோ பூமிக்கு அடியில், ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் தொட்டிகளில். பழைய தொட்டிகள் ஒற்றைச் சுவர் இரும்பினால் ஆனவை. ஈர மண்ணில் புதைந்த இரும்பு துருப்பிடிக்காமல் வேறென்ன செய்யும்? ஊசிமுனைத் துவாரம் ஒன்று போதும். சொட்டுச் சொட்டாய்ப் போவது கணக்குப் புத்தகத்தில் 'வெயிலில் ஆவியானது' என்ற பெயரில் மறைந்துவிடலாம். அமெரிக்காவில் இதற்கென்று 1984-ல் சட்டமே செய்தார்கள். அதன்பின் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட கசிவுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னையிலேயே, தண்டையார்பேட்டையில், 2013-ல் ஜனங்களின் கிணறுகளில் பெட்ரோலிய எண்ணெய் தலைகாட்டியது. அங்கே கசிந்தது தொட்டியல்ல; துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டைக் கிடங்குக்கு எண்ணெய் கொண்டு செல்லும் பாரத் பெட்ரோலியம் குழாய். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது, சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் மண்ணையும் ஜலத்தையும் ஆராய்ந்தார்கள். இந்த ஸ்தாபனம், பர்மா ஷெல் என்ற அந்நியக் கம்பெனியை 1976-ல் நம் சர்க்கார் ஏற்றுக்கொண்டதிலிருந்து பிறந்தது. அந்நிய எண்ணெய் சுதேசி எண்ணெய் ஆயிற்று என்பதற்காகக் கிணற்று ஜலம் அதைப் பொறுத்துக் கொள்ளுமா?

கடல் கடந்த நம் சகோதரர்களின் அநுபவமும் இதுவே. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்சார நிலையத்துக் கழிவு எண்ணெய் சுண்ணாம்புக்கல் பூமியில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம், மின் நிலையத்தை நடத்திய கம்பெனி இரண்டு கோடி ரூபாய் நஷ்ட ஈடு தரவேண்டுமென்று தீர்ப்பளித்தது.

பெட்ரோல் ஜலத்தைவிட லேசானது. மண்ணின் வழியே இறங்கி, நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன்மேல் மிதக்கிறது. அது மட்டுமானால் மொண்டு எறிந்துவிடலாம். ஆனால் அதிலுள்ள பென்ஸீன் என்ற பொருள் ஜலத்தில் கரைந்து அதனோடு பயணம் செய்கிறது. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் விஷம் அது. உலக சுகாதார ஸ்தாபனம் குடிநீரில் அனுமதிக்கும் உச்ச வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது ஒரு லட்சம் லிட்டர் ஜலத்தில் ஒரே ஒரு கிராம்! மூக்குக்கு வாசனை எட்டுவதற்கு வெகு முன்பே இந்த வரம்பு தாண்டப்பட்டுவிடும். "காய்ச்சிக் குடித்தால் போயிற்று" என்று நம் வீட்டுப் பெண்மணிகள் சொல்லலாம். காய்ச்சுவது கிருமிகளுக்குச் சரி. பென்ஸீனோ ஆவியாகி, அவர்கள் நின்று சமைக்கும் அறையின் காற்றிலேயே கலக்கும்.

ஆகவே பரீட்சை செய்துதான் பார்க்க வேண்டும். முதலில் பழைய தொட்டி இருந்த இடத்தையும், குழாய்கள் போன வழியையும் அறிந்து, அங்கங்கே துளையிட்டு மண்ணை அடுக்கடுக்காக எடுக்கிறார்கள். பிறகு குறைந்தது மூன்று சோதனைக் கிணறுகள். மூன்று எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். மூன்று இடங்களில் நீர்மட்டத்தின் உயரத்தை அளந்தால்தான் நிலத்தடி நீர் எந்தத் திசையில் சரிகிறது என்பது விளங்கும். விஷயத்தின் உயிர்நாடி இதுவே. நீர் வரும் திசையிலுள்ள அடுத்த வீட்டுக்காரர் தப்பிவிடலாம்; நீர் போகும் திசையில் நாலு வீடு தள்ளி இருப்பவர் அகப்பட்டுக் கொள்ளலாம். யாராவது இரவு பகலாக மோட்டார் ஓட்டினால், விஷம் அவர் கிணற்றை நோக்கித் திரும்பினாலும் திரும்பும். புதிய பங்குகள் வீடுகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும், எக்காரணத்தாலும் 30 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் விதித்தது. நல்ல விதிதான், ஆனால் பூமிக்குள் ஓடும் ஜலத்துக்கு மீட்டர் கணக்குத் தெரியாதே!

ஒருமுறை பார்த்தாலும் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் உயரும். சித்திரை வெயிலில் தாழும். மிதக்கும் எண்ணெயும் அதனோடு ஏறி இறங்கி, நடுவிலுள்ள மண்ணெல்லாம் பூசிக்கொள்கிறது. எனவே மழைக்குப் பின் ஒருதரம், கோடையில் ஒருதரம் எடுக்கவேண்டும். மாதிரி ஜலத்தைக் கண்ணாடிப் புட்டியில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்து அனுப்பவேண்டும். பாதி நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோனால் பென்ஸீன் வழியிலேயே ஆவியாகிவிடும். 'ஜலம் சுத்தம்' என்று பொய்ச் சான்றிதழும் கிடைத்துவிடும்.

நண்பரிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தோம்: தொட்டிகளைத் தோண்டி எடுத்தார்களா, மண்ணோடு விட்டார்களா? எடுத்திருந்தால் குழியின் அடி மண்ணைச் சோதித்தார்களா? சோதித்த காகிதம் யாரிடம் இருக்கிறது? தரகர் இதுவரை பதில் கொண்டு வரவில்லை. முன்பணமும் நண்பரின் பெட்டியிலேயே இருக்கிறது.