தெருவுக்கும் ஒரு பங்கு

நகரத்து மனைகளில் கேட்டுக்கும் வீட்டுப்படிக்கும் நடுவே ஐந்தாறு அடி மண் மிஞ்சினாலே பெரிது. அதில் தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் தெருவில் நின்று தங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். ஆளுயர மதில் மட்டும்தான் தெரிகிறதென்றால், உள்ளே எத்தனை ரோஜா பூத்தும் தெருவுக்குப் பயனில்லை. மதிலை மூன்றடியோடு நிறுத்தி மேலே கம்பி வைத்தால் காவலுக்குக் குறைவில்லை. காற்றும் வரும், எதிர்வீட்டாரிடம் பேசவும் முடியும்.

மதிலோரம் நட பவழமல்லிக்கு இணையில்லை. இரவில் மலர்ந்து விடியலில் உதிர்வதால், பூவில் பாதி தெருவில் விழும். பூஜைக்கு யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். நந்தியாவட்டை, செம்பருத்தியைக் கைக்கெட்டும் உயரத்தில் கவாத்து செய்து வையுங்கள். துறட்டிக்கு வேலை இருக்காது, கிளையும் ஒடியாது. காலையில் பூப்பறிக்க வருபவர்களைத் திருடர்களைப் போல விரட்டுவது எனக்குப் பிடிக்காத வழக்கம்.

கறிவேப்பிலை கட்டாயம் வேண்டும். வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளைப் பெயர்த்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். அதன் இலைமேல் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். உற்றுப் பார்த்தால் மெல்ல நகரும். வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது. வளர வளரப் பச்சையாகிவிடும். நாலு இலை போனால் போகட்டும், மருந்தடிக்க வேண்டாம்.

முருங்கையை மட்டும் மதிலோரம் வைக்காதீர்கள். காற்றடித்தால் கிளை முறிந்து அடுத்த வீட்டில் விழும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி சுவரேறிப் போகும். நல்ல அண்டை வீட்டாரையும் சண்டைக்கு இழுக்கும் மரம் அது.

தரை முழுக்க சிமென்ட் பூசுவதுதான் தெருவுக்குச் செய்யும் பெரிய கெடுதல். வாசல் மழைநீரெல்லாம் ரோட்டில் போய்த் தேங்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது. உறிஞ்சுகுழி ஒன்று வெட்டி, செடிப்பாத்தியைத் தரையைவிடச் சற்றுத் தாழ்வாக அமைத்தால் மழை அங்கேயே இறங்கும். நிலத்தடி நீருக்கு மதில் கிடையாது. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் அதில் பங்குண்டு.

நடைபாதையில் தொட்டி வைத்து வழியை அடைக்க வேண்டாம். கேட்டுக்கு முன்னால் கோலத்துக்கும் இடம் விடுங்கள். கவாத்தில் விழும் செம்பருத்திக் குச்சிகளை வாளித் தண்ணீரில் போட்டு கேட்டருகே வைத்தால், வேண்டியவர்கள் எடுத்துப்போய் ஐப்பசி மழைக்குள் நட்டுவிடுவார்கள்.