மிதித்துச் சேர்த்த நிதி

அமெரிக்காவின் கீழ்க்கரையில் மாஸசூஸெட்ஸ் என்றொரு ராஜ்யம் இருக்கிறது. அதிலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் மடக்கிய கைபோல் நீண்டு கிடக்கும் நிலத்துக்குக் கேப் காட் என்று பெயர். அக்கையின் விரல்நுனியில் உள்ள சிற்றூர் ப்ராவின்ஸ்டவுன். வருஷந்தோறும் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், ஆயிரக்கணக்கான மனிதர்கள் ஸைக்கிள் ஏறி அவ்வூரை நோக்கிப் புறப்படுகிறார்கள். நெடுவழியில் செல்பவர்கள் உள்நாட்டு மேட்டு நிலத்திலுள்ள ஸ்டர்பிரிட்ஜில் கிளம்பி, பௌர்ன் என்ற ஊரில் இரவு தங்கி, மறுநாள் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து கடற்கரை சேர்கிறார்கள். இரண்டு நாட்களில் ஏறக்குறைய 190 மைல் பிரயாணம்.

இது பந்தயமன்று. முதலில் வந்தவனுக்குப் பரிசு இல்லை. கடைசியில் வந்தவனுக்கு அவமானமும் இல்லை. நரைத்த தலையரும் இளைஞரும், ஆடவரும் பெண்டிரும் அடுத்தடுத்துச் செல்கிறார்கள். வெயிலில் முகம் கறுக்கிறது, தொடை வலிக்கிறது, மேடு வரும்போது மூச்சு வாங்குகிறது. வழிநெடுக மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் நின்று தண்ணீரும் உணவும் அளிக்கிறார்கள். இவ்வளவு பாடும் எதற்காக? பாஸ்டன் நகரிலுள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பணம் சேர்ப்பதற்காக. இம்முயற்சிக்குப் 'பான்-மாஸ் சாலஞ்ச்' என்று பெயர்.

இதைத் தொடங்கியவர் பில்லி ஸ்டார் என்பவர். 1974-ம் வருஷம் அவருடைய தாயைத் தோல் புற்றுநோய் கொண்டுபோயிற்று. தாயை இழந்தவர் அழுவது இயற்கை. அழுதபின் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. 1980-ம் வருஷம் அவர் தம் நண்பர்களைத் திரட்டி ஸைக்கிளில் புறப்பட்டார். போனவர் 36 பேர். சேர்ந்த தொகை 10,200 டாலர். ஓர் ஆராய்ச்சிச் சாலையின் செலவுக்கு முன் இது எம்மாத்திரம் என்று அன்று யாரேனும் நகைத்திருந்தால், அதில் வியப்பில்லை. ஆனால் அந்த வழக்கம் நின்றுபோகவில்லை. 2024-ம் வருஷத்தோடு அங்ஙனம் மிதித்துச் சேர்த்த மொத்தத் தொகை நூறு கோடி டாலரைக் கடந்துவிட்டது.

இந்தப் பெருக்கத்தின் சூட்சுமம் என்ன? ஸைக்கிள் ஏறுகிறவர் ஒவ்வொருவரும் இத்தனை ஆயிரம் டாலர் திரட்டித் தருவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கவேண்டும். பிறரிடம் கேட்டுப் பெற்றது குறைந்தால், குறைந்த தொகையைத் தம் கையிலிருந்து கட்டவேண்டும். ஆகவே அவர் உறவினர், நண்பர், தொழிலிற் பழகியவர் யாவருக்கும் கடிதம் எழுதுகிறார். கேட்பதற்குக் கூச்சப்படுகிற மனிதனும் கேட்கிறான். "உனக்காக நான் கேட்கவில்லை, நானும் சும்மா இருந்து கேட்கவில்லை" என்று சொல்லும் தைரியத்தை அவனுக்கு அந்த 190 மைல் அளிக்கிறது.

மற்றொரு சூட்சுமம் கணக்கு. பொதுப் பணத்தைச் சேர்ப்பவர்கள் விழாவுக்கும் பந்தலுக்குமே அதில் பாதியைச் செலவழித்துவிடுவது உலகம் அறிந்த விஷயம். இங்கே 2007-ம் வருஷம் முதற்கொண்டு, ஸைக்கிள்காரர் திரட்டிய தொகை ஒரு காசு குறையாமல் ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்கிறது. ஏற்பாட்டுச் செலவு முழுவதும், கலந்துகொள்வோர் கட்டும் கட்டணத்திலிருந்தும் ஆதரவளிக்கும் வியாபார ஸ்தாபனங்களின் உதவியிலிருந்தும் நடைபெறுகிறது. பணம் கொடுப்பவனுடைய நம்பிக்கையைக் காட்டிலும் பெரிய மூலதனம் தர்ம காரியத்துக்கு இல்லை. அதை ஒருமுறை இழந்தவர்கள் மறுமுறை கேட்க வாய் திறக்க முடியாது.

ஆயினும் ஓர் ஆட்சேபம் எழும். ஜனங்களின் நோயைத் தீர்ப்பது சர்க்காரின் கடமையல்லவா? வரி வாங்குகிறவர்கள் செய்யவேண்டிய வேலைக்கு, மனிதர்கள் ஸைக்கிளில் ஏறி யாசகம் கேட்பது முறையா? இது நியாயமான கேள்வி. சர்க்காரின் பொறுப்பை இந்தச் சந்தாப் பணம் ஒருநாளும் ஏற்றுவிட முடியாது, ஏற்கவும் கூடாது. அமெரிக்க சர்க்கார் 1937-ல் தேசியப் புற்றுநோய்க் கழகத்தை நிறுவியது. அது வருஷந்தோறும் செலவிடும் தொகை இந்த ஸைக்கிள் நிதியைப்போல் பல மடங்காகும். ஆனால் சர்க்கார்ப் பணம் பெரும்பாலும் ஓரளவு நிரூபணமான வழியைத் தேடிச் செல்லும். இன்னும் ஒருவரும் நம்பாத யோசனைக்கு, தோற்றாலும் தோற்கட்டும் என்று கொடுக்கத் துணியும் பணம் ஒன்று வேண்டும். அதை ஜனங்களே கொடுக்கவேண்டியிருக்கிறது. இதற்கு, அந்த நிலையத்தின் பிறப்பையே சாட்சியாகக் காட்டலாம்.

1947-ம் வருஷத்தில் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை பிழைப்பதில்லை. சில வாரங்களிலோ சில மாதங்களிலோ முடிவு வந்துவிடும். பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸிட்னி ஃபார்பர் என்பவர் அந்த முடிவை ஏற்க மறுத்தார். உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் என்ற உயிர்ச்சத்து வேண்டும். அதைப்போலவே உருவங்கொண்ட ஒரு பொருளைக் கொடுத்தால், அது உண்மைச் சத்துக்குரிய இடத்தில் புகுந்து அடைத்துக்கொள்ளும். கட்டுக்கடங்காமல் பெருகும் நோயணுக்கள் பட்டினியால் மாயும் என்று அவர் எண்ணினார். 1948 ஜூன் மாதத்தில் அவர் வெளியிட்ட அறிக்கையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் அடங்கியதாகக் காண்கிறது. சில காலத்துக்குப்பின் நோய் திரும்பிற்று என்பது உண்மையே. ஆயினும் அடங்காது என்று எல்லோரும் சொன்ன நோய் அடங்கியதல்லவா?

அந்தப் பொருளை ஃபார்பருக்கு ஆக்கிக் கொடுத்தவர் யார்? லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில் ஒரு குழுவுக்குத் தலைமை வகித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் ஹிந்து உயர்தரப் பாடசாலையிலும் ராஜதானிக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, அறுவைச் சாலைக்கும் கதராடை உடுத்திச் சென்றவர். அதனால் ஆங்கிலேய ஆசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர். பிழைப்புக்காகப் பாஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்காரராக இருந்தவர். அவருடைய சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய் கொண்டுபோயிற்று. அந்நோயைத் தீர்க்கும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையில் ஆக்கிய வேலையே, அதற்கு எதிரான இந்த மருந்துக்கும் வழி காட்டிற்று. 1948 ஆகஸ்டு மாதத்தில் அவர் காலமானார். தம் மருந்தின் வழிவந்தவை எத்தனை குழந்தைகளைக் காக்கப்போகின்றன என்பதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மருந்து கிடைத்தது, பணம்? அதே 1948 மே மாதம் 22-ந் தேதி, ஃபார்பரிடம் சிகிச்சை பெற்றுவந்த 12 வயதுப் பையன் ஒருவன், 'ஜிம்மி' என்ற புனைபெயரில் ரேடியோவில் பேசினான். அவன் நேசித்த பேஸ்பால் ஆட்டக்காரர்கள் அவன் படுக்கையைச் சூழ நின்றார்கள். எதிர்பார்த்தது 20,000 டாலர். அந்த வருஷத்தில் வந்து குவிந்தது 2 லட்சத்துக்கு மேல். அப்படிப் பிறந்த 'ஜிம்மி நிதி'யின் வழியாகத்தான் இன்றும் ஸைக்கிள்காரரின் பணம் செல்கிறது. பையன் இறந்திருப்பான் என்றே ஜனங்கள் நினைத்திருந்தார்கள். 1998-ல் அவன் உயிரோடிருப்பது வெளியாயிற்று. ஐனார் கஸ்டாஃப்சன் என்னும் அவர் 65 வயது வரை வாழ்ந்தார்.

அன்று ஒருவரும் பிழைக்காத குழந்தை ரத்தப் புற்றுநோயில், அதன் மிகப் பரவலான வகைக்கு ஆளானவர்களில், வளமுள்ள தேசங்களில் இன்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் பிழைக்கிறார்கள். ஏழைத் தேசங்களில் அவ்வாறில்லை. மருந்து தெரிந்திருந்தும் குழந்தைகள் இறக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை விதி என்று சொல்லிவிட முடியாது. நேரத்தில் நோயைக் காணும் டாக்டரும், சிகிச்சை முடியும்வரை தங்க இடமும், மருந்துக்குப் பணமும் இல்லாமையே காரணம். இவை மூன்றும் மனிதர் முயற்சிக்கு உட்பட்டவை.

இந்த வழி நமக்குப் புதியதன்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், வீடுவீடாகவும் மேடை மேடையாகவும் கேட்டு நிதி சேர்த்து, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். மாஸசூஸெட்ஸில் 36 ஸைக்கிள்கள். அடையாற்றில் 12 படுக்கைகள். இரண்டும் சிறிய தொடக்கங்களே. துக்கம் வந்தவர்கள் துக்கத்தோடு நின்றுவிடாமல் பிறர் கதவைத் தட்டினார்கள் என்பதே இரண்டுக்கும் பொது.

அந்த ஸைக்கிள் கூட்டத்தில் நோயிலிருந்து மீண்டவர்களும் இன்னும் சிகிச்சையில் இருப்பவர்களும் செல்கிறார்கள். அவர்களை 'உயிருள்ள சாட்சி' என்று அழைக்கிறார்கள். சுப்பாராவின் மருந்து வழிவந்த சிகிச்சையால் பிழைத்த குழந்தை, வளர்ந்து பெரியவனாகி, முகமறியாத மற்றொரு குழந்தைக்காக ஸைக்கிள் மிதிக்கிறது. சென்னையில் கதர் உடுத்திய ஒரு மாணவனுக்கு மறுக்கப்பட்ட பட்டத்தைவிட உயர்ந்த பட்டம் இதுவே. நம் வீட்டுக் கதவை யாரேனும் ஒரு கணக்குப் புஸ்தகத்தோடு இதற்காகத் தட்டினால், கணக்கைக் கேட்போம். கணக்கு நேராயிருந்தால், கை நிறையக் கொடுப்போம்.