அக்காவின் நாடு

என் தமக்கை கோத்தகிரியில் வாழ்கிறாள்; நான் மாத்தளையில். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அந்தக் கணக்கில் அவள் ஒரு பக்கமும் நான் மறுபக்கமுமாக விழுந்தோம். இரத்தோட்டையில் லயத்துக் காம்பிராவில் பிறந்த அவளுக்குக் கப்பலேறும்வரை இந்தியா என்பது பாட்டி சொன்ன கதைதான்.

போன பின்னும் இலங்கை வானொலியை அவள் விடவில்லை. அப்துல் ஹமீதின் குரல் கேட்டால் நீலகிரிக் குளிர் தெரியாது என்பாள். இன்று இணையவழியே நம் நாட்டுத் தொலைக்காட்சியைக் கைப்பேசியில் காண்கிறாள். நானோ இங்கிருந்து சென்னைத் தொடர்களைப் பார்க்கிறேன்! வேடிக்கைதான்.

ஒருநாள் இரவு அழைத்தாள்.

"தம்பி, 'இந்நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வருகிறதே. என் நாடு எதுவென்று இதற்கு எப்படியடா தெரியும்?"

ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாக விற்கிறார்கள். பார்ப்பவர் இருக்குமிடத்தை இணைய முகவரி எண்ணைக் கொண்டு கணிக்கிறார்கள் என்று விளக்கினேன். பள்ளியில் பாடம் நடத்திய பழக்கம். அவள் கேட்டது அதுவன்று என்பது பிறகுதான் உறைத்தது.

மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வந்தபோது, என் கைப்பேசியையே உயர்த்திப் பிடித்து அவளுக்குக் காட்டினேன். அம்மன் தேர் அருகே வந்தது.

"கும்பிட்டுக்கொண்டேன். சற்றே திருப்பு தம்பி, பின்னால் அந்த மலை தெரிகிறதா, பார்க்கிறேன்" என்றாள்.